பதில் அறையிலிருந்து

ஜனவரி 9

அன்புள்ள வாலு,

நலமா? நான் நலம் என்று எழுதினால் பொய். அம்மா போய் இரண்டு மாதம் ஆகிறது. அடக்கம் முடிந்த கையோடு நீ உங்கள் தெளிவு நெறி இல்லத்துக்கே திரும்ப ஓடிவிட்டாய்.

பத்திரிகையில் நான் சொன்னதைப் படித்திருப்பாய். "மருந்தை விடுங்கள், நெறி பார்த்துக்கொள்ளும்" என்ற உங்கள் பெரியவரை நம்பி அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்தினாள், செத்தாள். நடந்ததைத்தான் சொன்னேன். உன்னை அதில் இழுக்கவில்லை. எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க "மூச்சைப் பிடிங்க, விடுங்க" என்று சொல்கிறவளுக்குத் தன் மூச்சே இப்போது சரியாக வருவதில்லை.

வீட்டுக்கு வாடி. திட்டமாட்டேன். சரி, கொஞ்சம் திட்டுவேன்.

அக்கா

ஜனவரி 17

என் அன்பு அக்காவுக்கு,

"கொஞ்சம் திட்டுவேன்" என்றதும் சிரித்துவிட்டேன், அப்புறம் ஒரே அழுகை. அடக்கத்தன்று இருந்த இருமல் இப்போது தேவலை.

குறை சொல்கிறவர்களை நாங்கள் வெறுப்பதில்லை அக்கா. பதில் அறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். குறை சொன்னவருக்கு இங்கே யார் ரொம்ப நெருக்கமோ, அவர்தான் மறுப்பு எழுத வேண்டும். அப்போதுதான் அன்போடு இருக்குமாம். உன்னை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். "உங்க அக்காவைப் பத்தி உனக்குத்தானேம்மா தெரியும், சொல்லு" என்கிறார் பொறுப்பாளர். நான் வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

துக்கத்தில் ஏதோ பேசிவிட்டேன் என்று பத்திரிகைக்கு ஒரே ஒரு வரி எழுதிவிடேன். நான் தப்பித்துக்கொள்வேன். உன் காலில் விழுகிறேன்.

வாலு

ஜனவரி 22

அன்புள்ள வாலு,

எழுதமாட்டேன். இன்னொரு வீட்டில் இன்னொரு அம்மா மாத்திரையைத் தூக்கிப் போடக் கூடாது.

அவர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள் என்று தெரியும். என்னைக் கோபக்காரி என்று எழுது, கஞ்சப்பிசினாறி என்று எழுது, உன் இஷ்டம். ஆனால் அம்மா போன அன்று மதியம் மூன்று தடவை கூப்பிட்டாள், வரிசையில் இருபது பேர் நிற்கிற எரிச்சலில் நான் போனை அணைத்துப் பையில் போட்டேன். அதை உன் மடியில் படுத்து அழுதபோது சொன்னேன். வேறு ஒருத்தருக்கும் தெரியாது. அதை மட்டும் எழுதிவிடாதேடி, தாங்கமாட்டேன்.

அக்கா

பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் குற்றச்சாட்டை எங்கள் நெறி பொறுமையோடு கேட்டது. உண்மையைச் சொல்லும் கடமை எங்களுக்கும் உண்டு. பெற்ற தாய் தன் கடைசி நாளில் மூன்று முறை அழைத்தபோது, கைபேசியை அணைத்து வைத்தவர் தாங்கள். அந்தத் தாயைக் கைவிட்டது எங்கள் நெறியா, தாங்களா? தங்கள் மன அமைதிக்காகப் பிரார்த்திக்கிறோம்.

அன்புடன்,
தங்கள் தங்கை
பதில் அறை

நகல்: பத்திரிகை அலுவலகம், தங்கள் மருத்துவமனை, தங்கள் தெருவாசிகள்.

பிப்ரவரி 11

வாலு,

நான் படிப்பதற்குள் ஆஸ்பத்திரியே படித்துவிட்டது. டோக்கன் கொடுக்கிற பெண் டீயை வைத்துவிட்டுப் போனாள். கீழ் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதெல்லாம் போகட்டும். நீ எழுதியதில் ஒரு பொய்கூட இல்லை.

அம்மாவின் போன் என்னிடம்தான் இருக்கிறது. அன்று என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் உன்னை ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறாள். இல்லத்தில் சேர்ந்த அன்றே போனைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று நீ அவளிடம் சொல்லவே இல்லையே. "அன்னிக்கு யார் யாரைக் கூப்பிட்டாங்க?" என்று நிருபர் கேட்டார். தெரியாது என்றேன். உனக்குத் தெரிந்தால் நொறுங்கிப்போவாய் என்றுதான் மறைத்தேன்.

இதைச் சொல்லக் கூடாது என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை. நானும் உன்னைப் போலவே எழுதிவிட்டேன், பார்.

"இதுக்கும் ஒரு பதில் எழுதும்மா" என்பார் உங்கள் பொறுப்பாளர். தயவுசெய்து எழுதாதே. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்தால் நான் பிரித்துவிடுவேன். எனக்கு மானம் கிடையாது.

அக்கா