பங்குனியில் ஏற்றாத மேலறை

திருமங்கலம்
ஆடி 3, 1979

அன்புள்ள மகள் சுந்தரத்துக்கு,

என் முழங்கால் நீங்கலாக இங்கு அனைவரும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சம்பந்தியம்மாளும் நலமென்று உன் கடிதம் சொல்கிறது, நம்புகிறேன். மூன்று அறை உள்ள குவார்ட்டர்ஸ் கிடைத்திருப்பதாகவும், இம்மாத முடிவுக்குள் குடிபோகாவிட்டால் அதை அடுத்தவருக்கு ஒதுக்கிவிடுவார்களென்றும், ஆடியில் வீடு மாறக் கூடாதென்று சம்பந்தியம்மாள் தடுப்பதாகவும் எழுதி, என்ன செய்யலாமென்று கேட்டிருக்கிறாய். அதற்கு வருகிறேன். முதலில் நீ கேட்காத தேன்பெட்டியின் செய்தி.

உன் தம்பி நல்லகாமன் கொல்லையில் தேனீ வளர்ப்பது உனக்குத் தெரியும். பெட்டியின் கீழறையில் ராணி முட்டையிட்டுக் குஞ்சு பெருகும். அது நிறைந்ததும் மேலே இன்னோர் அறையை ஏற்றினால் அதில் தேன் சேரும். எப்போது ஏற்றுவது என்பதுதான் சங்கடம். போன வருஷம் கொல்லையில் ஒரு மரமும் பூக்குமுன்பே அவசரப்பட்டு ஏற்றினான். காவலுக்கு ஈ போதாத வெற்றறையில் மெழுகுப்பூச்சி புகுந்து வலை பின்னியது. இந்த வருஷம் பங்குனியில் வேம்பு பூத்தபோது, அடை கட்டுவதற்காகப் பெட்டிக்குள் வைத்த மரச்சட்டங்களில் ஓரத்துச் சட்டங்கள் வரை ஈ மொய்த்திருந்தது, சட்டங்களின் மேல்விளிம்பில் புது மெழுகு வெள்ளையாகப் படிந்திருந்தது, மூடியின் உட்புறத்திலும் அடை கட்டத் தொடங்கியிருந்தது, மாலையில் உள்ளே இடமில்லாமல் ஈக்கள் வாசலில் தாடிபோல் தொங்கின. இதற்குமேல் அவை தந்தியா கொடுக்கும் என்று கேட்டேன். அவனும் மேலறையைத் தூசி தட்டி எடுத்தான். அந்நேரம் பார்த்து உன் அத்தை அழகம்மாள் வந்து, "ஏ மருமகனே, பங்குனியில யாராச்சும் மாடி எடுப்பாகளா? சித்திரை பொறக்கட்டும்" என்றாள். தாவரவியலில் பட்டம் பெற்றவன் மேலறையைத் திரும்பப் பரணில் வைத்தான். போன வருஷத்து நஷ்டத்துக்குப் பயந்துகொண்டிருந்தவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பெட்டி அவனுடையது என்பதால் நான் அதற்குமேல் பேசவில்லை.

பங்குனி முடியச் சில நாட்கள் இருக்கையில் மனம் கேளாமல் திறந்து பார்த்தான். அடையின் கீழ்விளிம்பில் ராணி அறைகள் நிலக்கடலைபோல் தொங்கின. புது ராணியை வளர்க்கத் தொடங்கிவிட்டால், பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பப்போகிறது என்று பொருள். அதைக் கண்டபின் அவனுக்கு மாதமும் மறந்தது, அத்தை சொன்னதும் மறந்தது, மேலறையை ஏற்றினான். ஓர் ஈகூட ஏறிப் பார்க்கவில்லை. மறுநாள் முற்பகலில் இரைச்சலோடு எழும்பிப் பின்வீட்டு முருங்கையில் போய் அடைந்தன. அது மரக்கடை சேக் இஸ்மாயில் வீடு. மீந்த பலகையில் தானே ஒரு பெட்டி செய்து வைத்துவிட்டு ஈக்காகக் காத்திருந்த மனிதர். நல்லகாமன் ஏணி தேடி முடிப்பதற்குள் அவர் கூட்டத்தைப் பெட்டிக்குள் இறக்கிவிட்டார். வேலிக்கு மேலாக என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, பங்குனி உங்களுக்குத்தானே ஆகாது, எனக்கென்ன? வாரவுகள வாங்கன்னு சொல்லிட்டேன்" என்றார். கூட்டத்தைத் திருப்பிக் கேட்டாலும் ஈக்கள் சம்மதித்திரா. அங்கே அவை செழிப்பாக இருக்கின்றன. போன வாரம் ஒரு புட்டி தேன் கொடுத்தனுப்பினார். எந்த மாதம் குடியேறிய ஈயின் தேன் என்று விசாரிக்காமலே உன் அத்தை மருந்துக்கென்று அதை எடுத்து வைத்துக்கொண்டாள். நம் பெட்டியில் மிச்சமுள்ளவை இந்த வருஷம் தமக்கே போதாமல் உழைக்கின்றன. மேலறை காலியாகத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளை வராந்தாவில் கட்டில் போட்டுப் படுக்கிறார் என்றும், பிள்ளைகள் சமையலறையில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்றும் நீ எழுதியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். கடைசியில், பெரியவள் ஹாஸ்டலில் இடம் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறாள் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாய். அந்த வரியைத்தான் நான் இரண்டாம் முறை படித்தேன்.

வீடு உன்னுடையது. சம்பந்தியம்மாள் மனம் நோக வேண்டாம். பாலை ஆவணியில் காய்ச்சிக்கொள்ளட்டும், கட்டில்கள் ஆடியிலேயே போகட்டும். பெரியவளுக்கு அவளுடைய அறையைக் காட்டிவிட்டு, அதன்பின் ஹாஸ்டல் பேச்சை எடு.

எல்லோருக்கும் என் ஆசிகள். குளிர்காலத்துக்கு முன் மாப்பிள்ளையை வராந்தாவிலிருந்து உள்ளே கொண்டுவா. பதில் எழுதும்போது புது விலாசத்தை மறக்காமல் குறிப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா,
சோலையம்மாள்