லைசன்சின் பின்பக்கம்

அண்ணே,

போன வாரம் உங்கள் வீட்டுச் சுவருக்குச் சாயம் அடிக்க அக்கா கூப்பிட்டார். பிரேம் போட்ட உங்கள் லைசன்சை நான்தான் ஆணியிலிருந்து கழற்றினேன். கண்ணாடியில் பழைய குங்குமம் காய்ந்திருந்தது. பின்னால் வைத்த அட்டையைக் கரையான் அரித்திருந்தது. தொட்டதும் உதிர்ந்து, தாளின் பின்பக்கம் தெரிந்தது.

இப்போது எனக்குப் படிக்கத் தெரியும் அண்ணே. கோயில் மண்டபத்தில் முதியோர் வகுப்பு. பஸ் பலகை, அரிசி மூட்டை, எதையும் விடுவதில்லை. இந்த மடலும் என் கையெழுத்துதான். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிறது, ஆனாலும் மனம் துள்ளுகிறது.

அந்தக் காலத்தில் தோட்டத்து ஆலைகளில் பாய்லர் குழாய்க்கு யார் வேண்டுமானாலும் சூடு காக்கும் உறை கட்டலாம். எண்பதுகளில் சட்டம் வந்தது. லைசன்ஸ் இல்லாத குத்தகைக்காரரை உள்ளே விடமாட்டோம் என்று சிலிம் ரிவர் பக்கத்து ஆலையில் சொல்லிவிட்டார்கள். நீங்கள் ஈப்போவுக்குப் போய், அதிகாரி முன்னால் வளைந்த குழாய் ஒன்றுக்கு உறை கட்டிக் காட்டினீர்கள். ஒரு மேடு பள்ளம் இல்லை. கைநாட்டு வைத்து லைசன்ஸ் வாங்கினோம்.

"யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேப்போமாண்ணே?" என்றேன்.

"ரெண்டு புலி நிக்குது கவர்மெண்டு முத்திரையில, வேற என்னலா வேணும்? பிரேம் போட்டு மாட்டு."

மாட்டினோம். அக்கா வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைத்தார்.

உறைக்கான அஸ்பெஸ்டாஸ் மூட்டையை உதறினால் வெள்ளைத் தூள் பறக்கும். "மாப்பிள்ளைக்குப் பவுடர் போதும்லா, ஏணியில ஏறு," என்று என்னைக் கேலி செய்வீர்கள். ஏணியில் என்னை ஏற்றிவிட்டு, கீழே அந்தத் தூளை மாவாகக் குழைப்பது எப்போதும் நீங்கள்தான். சில வருடங்களில் உங்களுக்கு வாசற்படி ஏறவே மூச்சு வாங்கியது. பிறகு கட்டிலில் உட்கார்ந்தபடியே வாங்கியது. தூள் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது என்றார் டாக்டர். அந்த வருடமே போய்விட்டீர்கள்.

லைசன்சின் பின்பக்கத்தில் இருந்தவை நிபந்தனைகள், நான்கு மொழியில். கடைசியில் தமிழ். எழுத்துக் கூட்டிப் படித்தேன். "நனைத்த பிறகே மூட்டையைப் பிரிக்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடாமல் யாரும் இதைத் தொடக்கூடாது."

"என்ன தம்பி எழுதியிருக்கு?" என்றார் அக்கா.

"அண்ணன் பேருதான்க்கா. பின்னாலயும் போட்டிருக்கான்."

அக்கா தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புது அட்டை வைத்து மாட்டிவிட்டு வந்தேன்.

அந்த இரண்டு வரியையும் நோட்டில் தினமும் எழுதுகிறேன். எழுதி முடித்ததும், வீட்டில் யாரும் இல்லையென்றால், உங்களுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிக்கிறேன்.