முடிவுக் கோட்டில் மழை

ஜூலை 27, ஞாயிறு

நான்கு நாளாகத் துணி காயவில்லை. எரிச்சலில் இருந்தபோதுதான் படகுப் போட்டிக் குழுச் செயலாளர் குரியாக்கோஸ் சாரின் போன். இந்த வருடம் முடிவுக் கோட்டில் படம் எடுக்கப்போவது நான்! இத்தனை வருடம் கல்யாணப் பெண்ணின் முக்காட்டைச் சரிசெய்தே காலம் தள்ளியவள். இதில் சொதப்பினால் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"உங்க ஊர்ப் படகும் ஓடுதே ரோசிலி, ஆட்சேபம் வராதில்ல?" என்றார்.

"கேமராவுக்கு ஊர் கிடையாது சார்" என்று வசனம் பேசிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எங்கள் நெடுங்கரைப் படகின் முன்நுனியில் உட்கார்ந்து முதல் துடுப்பு போடுவது தங்கச்சன் அச்சாயன். என் கூடப்பிறந்த அண்ணன்.

ஜூலை 31

கொட்டுகிறது. பிளாஸ்டிக் உறை, ரப்பர் பேண்ட், பழைய துண்டு. வாய்க்கால் கரையில் நின்று வாத்துகளை வைத்துப் பழகினேன். லென்சில் ஒரு துளி விழுந்தால் போதும், வாத்துக்குத் தலை இல்லை.

அம்மச்சி ஜன்னலிலிருந்து, "எந்த வாத்துடி ஜெயிச்சுது?" என்கிறாள். நக்கல்.

ஆகஸ்ட் 4

துடுப்புக்காரர்கள் முகாமில் விரதம்: குடி கூடாது, வீட்டுக்குப் போகக்கூடாது. பெண்கள் படகைத் தொடக்கூடாது. தூரத்தில் நின்றே கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கொடுத்தேன். அச்சாயன் இளைத்திருக்கிறான்.

"நான் சின்னப்பையனா இருந்தப்ப கடைசியா வந்த கோப்பைடி. இந்த வருஷமும் விட்டா, அடுத்த வருஷம் என்னை முன்னாடி உட்கார வைக்க மாட்டாங்க."

நல்லா சாப்பிடு என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று போட்டி நாள்.

காலைச் சுற்றுகள் எல்லாம் நன்றாகவே போயின. சாப்பிடப் போன நேரத்தில் குரியாக்கோஸ் சார் நல்லெண்ணத்தில் கேமராவை எடுத்து விருந்தினர் படகின் ஏசி அறையில் வைத்துவிட்டார். "நனையக்கூடாதேன்னு வச்சேன் மோளே." அட கடவுளே! அந்தக் குளிரிலிருந்து இந்த ஈரக்காற்றுக்கு வந்தால் கண்ணாடி என்ன ஆகும்? வெள்ளை வெளேரென்று மூடிக்கொண்டது. துடைக்கிறேன், மறுபடி மூடுகிறது. கரையெல்லாம் என்னையே பார்க்கிறது. அங்கே இறுதிச்சுற்றுக்குப் படகுகள் வரிசையில் நின்றுவிட்டன. அழுகை வந்தது, அழக்கூட நேரமில்லை.

படகுகள் பாதி தூரம் வந்தபோது நடுக்கண்ணாடி தெளிந்தது. ஓரங்களில் மட்டும் மூட்டம். எங்கள் படகும் வடக்கேமடைப் படகும் மூக்கோடு மூக்காக வந்தன. அழுத்திக்கொண்டே இருந்தேன்.

நடுவர்கள் கண்ணால் பார்த்து நெடுங்கரை என்று அறிவித்தார்கள். வெடி, கூச்சல். அதற்கப்புறம்தான் படத்தைப் பார்த்தேன். வடக்கேமடை ஒரு சாண் முன்னால். பெரிதாக்கிப் பார்த்தேன், அதேதான்.

வடக்கேமடைக்காரர்கள் ஆட்சேபித்துவிட்டார்கள். நாளைக் காலை படத்தைக் கொடுக்க வேண்டும்.

அச்சாயன் சொட்டச் சொட்ட வந்தான். "கேமராவுக்குள்ள ஈரம் புகுந்துடுச்சு, படம் விழலன்னு சொல்லிடு. நீ துடைச்சதை ஊரே பார்த்துச்சு, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

படத்தை நான் இன்னும் யாருக்கும் காட்டவில்லை. இவனுக்கு எப்படி—?

"நான் ஒண்ணும் சொல்லலையே அச்சாயா?"

துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்ட் 10

கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12

கோப்பை வடக்கேமடைக்குப் போய்விட்டது. எங்கள் படகுத் தலைவர் பேபிச்சன் துறையில் எல்லோர் முன்னாலும், "அண்ணன் நெஞ்சுல ஏறி நின்னு படம் எடுத்தவ போறா, வழி விடுங்கடா" என்றார். சுருக்கென்றது. இரண்டு கல்யாண வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் சமையலறைக்குள் போனால் அச்சாயன் தட்டோடு எழுந்து போகிறான். அதுதான் தாங்கவில்லை. நான் செய்தது தப்பா? பொய் சொல்லியிருந்தால் இவன் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டிருப்பேனா?

ஆகஸ்ட் 16

பேபிச்சன் புகார் கொடுத்திருக்கிறார். கண்ணாடியில் மூட்டம் இருந்ததாம், மூட்டம் இருந்தால் கோடு வளையுமாம், படம் செல்லாதாம். நாளை விசாரணை. குழு அதை ஏற்றால் நான் தொழில் தெரியாதவள், ஏற்காவிட்டால் ஊருக்குத் துரோகி. எதுவானாலும் கேமராவை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 17

படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். "நடுவுல தெளிவா இருக்கு, ஓரத்துலதான் மூட்டம்" என்றேன். "துடைச்சுத் துடைச்சுக் கை அலுத்தவ சொல்றா பாருங்க" என்றார் பேபிச்சன். சிரித்தார்கள். ஏசியில் வைத்தது தான்தான் என்று குரியாக்கோஸ் சார் சொன்னதும் இன்னும் மோசமானது. மூட்டம் இருந்ததை அவரே ஒப்புக்கொண்டாயிற்றே.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "படம் சரி."

அச்சாயன். எழுந்து நிற்கிறான்.

"உட்காருடா" என்றார் பேபிச்சன்.

"எனக்கு முன்னாடி படகுல ஆள் கிடையாது. அவங்க மூக்கு எங்களுதைத் தாண்டினதை நான் என் கண்ணால பார்த்தேன். பார்த்துட்டுத்தான் துடுப்பைத் தூக்கிக் கத்தினேன்."

யாரும் சிரிக்கவில்லை. படம் செல்லும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

திரும்பும்போது படகில் கேட்டேன், "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"ஜெயிச்சோம்னு கத்தின தொண்டைடி. உடனே மாத்திச் சொல்ல வருமா?"

ஒருவரையொருவர் பார்க்காமல் அழுதோம்.

ஆகஸ்ட் 30

இன்று வேறு காயலில் போட்டி. முடிவுக் கோட்டுக்கு என்னைத்தான் கேட்டிருந்தார்கள், வடக்கேமடைக்காரர்கள் உட்பட. நெடுங்கரைப் படகில் முதல் துடுப்பு இப்போது பேபிச்சனின் தங்கை மகன். அச்சாயனை எந்த இடத்திலும் சேர்க்கவில்லை. "குடை பிடிக்கவாவது வரேன்" என்று என்னோடு வந்தான்.

மழை சாய்ந்து அடித்தது. நெடுங்கரை பாதிப் படகு நீளம் முன்னால் வந்து ஜெயித்தது. படமே தேவைப்படவில்லை. கரை முழுக்கக் கூத்தாடுகிறது, என் பின்னால் மட்டும் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். குடை முழுதும் கேமராவுக்கு மேல், அவன் தெப்பமாக நனைந்து நம் படகையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"நம்ம ஊரு ஜெயிச்சுட்டுது. கத்தேன் அச்சாயா."

"கத்தினா கை ஆடிடும், கேமரா நனைஞ்சுடும். நீ அந்தப் பக்கம் திரும்பு" என்றான்.