ஏழு வீட்டு ரத்தம்

நங்கை,

இன்று காலை சேலத்தில் என் மகளுக்கு ரத்தம் எடுத்த பெண், ஊசி ஏறிய இடத்தில் ஸ்பிரிட் பஞ்சை வைத்து அழுத்தியபடி, "உங்க குடும்பத்துல யாருக்காச்சும் பரம்பரையா ரத்த நோய் இருந்துச்சாங்க?" என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன் பார்த்துவிடலாம் என்று மகளே கேட்டு வந்த சோதனை. அந்த வாடையில் உங்கள் முகம் வந்தது. "அப்படி யாருமில்லைங்க" என்றேன். இருபத்தாறு வருடம் கழித்தும் அதே பொய்.

உங்களைக் கட்டிய என் அண்ணன், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விடுவான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை உங்கள் பிள்ளைக்கு ரத்தம் ஏற்ற, ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு நீங்களும் நானும்தான் பஸ் ஏறுவோம். நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன்; டாக்டர் சொல்வது எனக்குத்தான் புரியும் என்று நம்பினீர்கள். பிள்ளை அழமாட்டான். "அம்மா, இன்னைக்கி ஒரு கைலதான ஊசி?" என்று மட்டும் கேட்பான்.

உங்களுக்கும் அண்ணனுக்கும் எடுத்த சோதனையின் முடிவை வாங்க நான் தனியாகப் போனேன். நீங்கள் பிள்ளையின் கட்டிலருகே இருந்தீர்கள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "ரெண்டு பேர்கிட்டயும் பாதி பாதி இருக்கும்மா. ரெண்டும் சேர்ந்ததாலதான் பிள்ளைக்கு நோயா வந்திருக்கு. எங்கிருந்தோ வந்த சில குடும்பங்க ஒரே இடத்துல தங்கி, தலைமுறை தலைமுறையா தங்களுக்குள்ளயே கட்டிக்கிட்டா இப்படி ஆகும். வந்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்த குறை எல்லா வீட்டுக்கும் போயிடும். யார் தப்பும் இல்ல. நீயும் ஒரு சோதனை பாத்துக்கோ."

அப்பா பெருமையாகச் சொல்லும் கதையும் அதேதான். "ஏழு ஊடு வந்து இந்தக் காட்டத் திருத்துனோம். இன்னைக்கி வரைக்கும் வேத்து ரத்தம் ஒரு சொட்டு சேரல."

அடுத்த வாரம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பஸ் ஏறும் முன், நீங்கள் பார்க்காமல் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். வீட்டில், "அண்ணனுக்கு ஒன்னுமில்ல. நங்கைகிட்டதான் இருக்கு" என்றேன்.

அம்மா உங்கள் பக்கம் திரும்பினாள். "எங்க ஏழு ஊட்டுல இல்லாத நோவ எங்கிருந்துடி கொண்டாந்த?"

"தெரிலீங்க அத்தை" என்றீர்கள். உங்கள் அப்பாவும் அந்த ஏழு வீட்டில் ஒன்றில் பிறந்து, பரமத்தி வேலூருக்குக் குடிபோனவர்தான். அன்று அது யாருக்கும் நினைவு வரவில்லை. எனக்கு வந்தது.

பிள்ளையை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொன்னதும் நான்தான். அந்த டாக்டர் உங்களிடம் பேசிவிடக் கூடாதே.

ஆறு வயது முடியும் முன் போய்விட்டான். கருமாதி முடிந்த அன்றே, "உங்க பொண்ணக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று என் அப்பா உங்கள் அப்பாவிடம் சொன்னார். அண்ணன் தலைகுனிந்து நின்றான். அடுத்து அவன் கட்டியவளுக்குப் பிறந்த இரண்டும் நன்றாக இருந்தன. பழி உங்கள் மேல்தான் என்பதற்கு அதையே சாட்சி சொன்னார்கள்.

என் கைக்குழந்தையோடு ஒருமுறை பரமத்தி வேலூரில் உங்கள் பிறந்த வீட்டுக்கு உங்களைப் பார்க்க வந்தேன். குழந்தையை நீட்டினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். "வேண்டாம் அம்மிணி, என் கை படக்கூடாது." உண்மை வாய்வரை வந்துவிட்டது. பக்கத்தில் என் கணவர் நின்றிருந்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இரண்டு மாதத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டீர்கள்.

இன்று மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேராகப் பரமத்தி வேலூருக்கு, உங்கள் தம்பியிடம் போனேன். வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"இங்கயும் அவளுக்குத் தட்டு தனிதானுங்க" என்றார். "எம்புள்ளைங்கள அவ தூக்க உடமாட்டோம். அவ குடுத்த தண்ணிய எங்கப்பன் கடைசிவரைக்கும் குடிக்கல. அவ இருக்கறப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கூட உக்காந்து சோறாச்சும் தின்னிருப்பமுங்க."

என்னை அவர் திட்டவில்லை. பஸ் நிற்கும் இடம்வரை வந்து, வண்டி கிளம்பும்வரை நின்றார்.

பஸ்ஸிலிருந்து மகளுக்குப் போன் செய்து, நம் குடும்பத்தில் நோய் உண்டு, மாமாவுக்கும் அவர் முதலில் கட்டியவருக்கும் இருந்தது என்று சொன்னேன். "அப்படி ஒரு அத்தை இருந்தாங்களாம்மா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் காதுபட எங்கள் வீட்டில் யாரும் உங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

நான் நன்றாக வாழ்ந்தேன், நங்கை. அதைத்தான் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.