தலைகீழ் மொக்கு

அண்ணா,

இன்று காலை செங்கல்பட்டில் ஜன்னல் திரைக்குத் துணி எடுக்கப் போனேன். கொடியும் பூவுமாக ஒன்று பிடித்திருந்தது. "பிரிப்பா" என்றேன். இன்னும் பிரி, இன்னும் பிரி என்று கட்டு முழுவதையும் பிரிக்க வைத்துவிட்டேன். கடைக்காரன் பொறுமையிழந்தான். "இன்னாக்கா தேடுற? எதனா தொலைச்சிட்டியா?" போன பூ எங்கே திரும்ப வருகிறது, எங்கே பிசகுகிறது என்று தேடுகிறேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

எல்லாம் நீ ஒட்டவைத்த வியாதி. தொண்ணூறுகளில், ஞாயிறானால் மற்ற வீட்டு அண்ணன்கள் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவார்கள். நீ சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குப் போய், கல்லறைமேல் குப்புறப் படுத்து, கல்லில் செதுக்கிய பூக்களைத் தாளில் வரைந்துகொண்டிருப்பாய். அந்தக் காலத்தில் இங்கிருந்து கப்பலேறிப் போன துணியிலும் இதே கொடிதான் ஓடியது என்பாய். "பூவப் பாக்காத. ரெண்டு பூவுக்கு நடுவுல கீற எடத்தப் பாரு." அதுதான் உன் வேதம். அம்மா பார்த்தது உன் சட்டையில் ஒட்டிய மண்ணை மட்டும்தான்.

அந்தக் கண்ணோடுதான் என்னை அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றும் உட்கார்ந்திருந்தாய். முன்பு வந்த வரன்களெல்லாம் ஏதேதோ சொல்லி நழுவியிருந்தன. கல்யாணம் கூடிவர வேண்டித் திருவிடந்தைப் பெருமாளுக்கு மாலை சாத்திவிட்டு வந்து அம்மா கலங்கிப்போய் நின்றிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஊரப்பாக்கத்திலிருந்து தன் கல்யாணப் பட்டுப் புடவையையே கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். நான் காபித் தட்டோடு வருகிறேன். நீ திடீரென்று அவர் காலடியில் மண்டியிட்டாய். ஆசீர்வாதம் வாங்கத்தான் என்று நினைத்து, "நல்லா இருப்பா" என்று அவர் கையைக்கூடத் தூக்கிவிட்டார். நீயோ புடவைக் கரைக்கு மூக்கைக் கொண்டுபோய், "மல்லிமொக்கு எல்லாம் மேல பாக்குது, இது ஒண்ணு மட்டும் தலைகீழா கீதும்மா" என்றாய்.

"இன்னாப்பா இது, பொண்ணு பாக்க வந்தா புடவைல கொற சொல்லிகினு!" அவர் எழுந்துவிட்டார். நம் அம்மா முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு உன்னைக் கொன்றுவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை சிரித்தார். "சின்ன வயசுல அம்மா மடில படுத்துகினு நானும் பாத்துகீறேன். சொன்னா வூட்ல ஒருத்தரும் நம்பல. எங்க கீது மச்சான், காட்டுங்க!" இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். நகர முடியாமல் அந்த அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். காபி ஆறிப்போனது. இவரையே கட்டிக்கொள்வதென்று நான் முடிவு செய்தது அந்த நிமிடத்தில்தான்.

நீ போன அன்று உன்மேல் ஒரு பூப்போட்ட போர்வையைப் போர்த்தியிருந்தார்கள். நான் அழுதுகொண்டே இரண்டு பூவுக்கு நடுவில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரமாக ஒரு இலை விட்டுப்போயிருந்தது. "அண்ணா, இங்க பாரு" என்று உன் பக்கம்தான் திரும்பினேன்.

இன்றைக்குக் கடைத் துணியில் கடைசிவரை ஒரு குறையும் இல்லை. உன்னிடம் சொல்ல ஒன்றுமே இல்லாத துணி எனக்கு எதற்கு? எடுக்காமல் வந்துவிட்டேன்.