லோஷினியின் இடது கண்

10 மார்ச் 2024, ஞாயிறு

நாளை என் மகள் லோஷினி பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்கிறாள். நீலச் சீருடையைக் காலையிலேயே போட்டுக்கொண்டாள், கழற்ற மாட்டேன் என்கிறாள். அதோடு போய் வீட்டுக்குப் பின்னால் நாய்க்குட்டிகளோடு உட்கார்ந்துவிட்டாள். பெல்லா போன மாதம் போட்ட குட்டிகள். பெல்லா என் தம்பி புவனேஸ்வரன் கொண்டுவந்த நாய். மாக் மண்டினில் அவன் வேலை செய்யும் தொழிற்சாலை வாசலில் நனைந்து கிடந்ததாம். மேலே அவன் இருக்கிறான், கீழே நாங்கள். நாய் எல்லாருக்கும் பொது.

என் மனைவி குமுதா கத்தினாள்: "மண்ணுல வெளையாடிட்டு அதே கையால கடலை திங்கிறா, நீங்க பாத்துக்கிட்டே நிக்கிறீங்க!" நான் சிரித்தேன். நாமெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்?

நேற்று ஜுருவில் நான் வேலை செய்யும் பட்டறையில், பெயின்ட் அடித்து வைத்த கார் கதவில் ஒருவன் கீறல் போட்டுவிட்டான். சட்டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நெரித்தேன். முதலாளி வந்து பிரித்துவிட்டார். குமுதாவிடம் சொல்லவில்லை.

15 மார்ச், வெள்ளி

வகுப்பு டீச்சர் கூப்பிட்டார். "சார், இவ தலைய சாய்ச்சிக்கிட்டே போர்ட பாக்குறா. வலது கண்ண மறைச்சா எழுத்தே தெரியலைங்கிறா."

வீட்டுக்கு வந்து நானே பார்த்தேன். வலது கண்ணைக் கையால் பொத்தி, "அப்பா மூக்கத் தொடு" என்றேன். கை காற்றில் அலைந்தது. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தேடினாள்.

எத்தனை நாளாக இப்படி?

20 மார்ச், புதன்

ஆஸ்பத்திரி. நாளைக்கு எழுதுகிறேன்.

21 மார்ச், வியாழன்

கட்டுப் போட்ட கை. இருந்தாலும் எழுத வேண்டும்.

கண் டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். இடது கண்ணுக்குள் விழித்திரையில் ஒரு கட்டி. நாயின் குடலில் இருக்கிற புழுவின் வேலை. நாய் மலத்தோடு முட்டை மண்ணில் விழும். குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். வயிற்றில் பொரித்து ரத்தத்தோடு உடம்பெல்லாம் அலையும். லோஷினிக்கு அது கண்ணில் போய்த் தங்கிவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தால் உறுதியாகும், ஆனால் தனக்குச் சந்தேகமில்லை என்றார்.

"வீட்டுல நாய் இருக்கா? பூச்சி மருந்து குடுக்குறீங்களா?"

குமுதா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நாய்க்குப் பூச்சி மருந்து என்று ஒன்று இருப்பதே அங்கேதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு டாக்டர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. புழு. என் பிள்ளை கண்ணுக்குள்ள புழு. வழி முழுக்க அதே.

வீட்டுக்கு வந்ததும் இருவரையும் உள்ளே போகச் சொன்னேன். பின்னால் போனேன். இரும்புக் குழாய் சுவரோரம் கிடந்தது. பெல்லா வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. எப்போதும் போல. முதல் அடி முதுகில். ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் கிடந்தது. அது ஓடவில்லை, இழுத்துக்கொண்டே போய்க் குட்டிகள் மேல் படுத்துக்கொண்டது. குட்டியை எடுக்கக் கையை நீட்டினேன், கடித்தது. விடவே இல்லை. அதற்கப்புறம் எத்தனை அடி தெரியாது. மண்டை நொறுங்கின சத்தம் மட்டும் தெரியும்.

புவன் மாடியிலிருந்து ஓடி வந்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். "அண்ணே விடு! அண்ணே, அது குட்டிங்களுக்கு அம்மா!" உதறித் திரும்பினேன். குழாய் அவன் தாடையில் பட்டது. பட்டதா? இல்லை. அடிச்சேன். என் தம்பிய நான்தான் அடிச்சேன். கீழே விழுந்தவனை இன்னொரு தடவையும் அடிச்சேன்.

குமுதா கத்தின கத்தலில் எங்கள் லோரோங், அந்தச் சந்து முழுக்க வெளியே வந்துவிட்டது.

22 மார்ச், வெள்ளி

புவனுக்குத் தாடை எலும்பு முறிவு, கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதிக் காட்டினானாம். குமுதா லோஷினியைக் கூட்டிக்கொண்டு சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். என் போனை எடுக்கவில்லை.

பெல்லாவை நானே புதைத்தேன்.

24 மார்ச், ஞாயிறு

குட்டிகள் ஓயாமல் கத்துகின்றன.

26 மார்ச், செவ்வாய்

குட்டிகளை ஒரு பெட்டியில் போட்டு மிருக டாக்டரிடம் கொண்டுபோனேன். ஷாஹிரா என்று பெயர், சின்ன வயதுதான். நோன்பு மாதம், உதடு காய்ந்துபோயிருந்தது. மலாயில் சொன்னேன்: "எல்லாத்துக்கும் ஊசி போட்டுக் கொன்னுடுங்க."

அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். "யார் கடிச்சது, அபாங்?" என்றார், அண்ணன் முறை வைத்து.

"இதுங்களோட அம்மா."

"அது எங்கே?"

சொன்னேன். அவர் கட்டின் விளிம்பைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் நாய்க்கடி ஊசி போட்டுக்குங்க, இன்னைக்கே" என்றார். கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குட்டியாகத் தூக்கி வயிற்றை அழுத்திப் பார்த்தார். உப்பிப்போன வயிறு. எல்லாவற்றுக்குள்ளும் புழு இருக்கும் என்றார். தாயின் வயிற்றிலிருக்கும்போதே வந்துவிடும், பாலிலும் வரும். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து மருந்து கொடுத்திருக்க வேண்டும்.

"அப்ப நான் செஞ்சது சரிதானே?" என்று கேட்டேன். கேட்டே விட்டேன்.

"நாயைக் கொன்னா மண்ணுல கிடக்கிற முட்டை சாகுமா? வருஷக் கணக்கா கிடக்கும். உங்க பிள்ளைக்கு இந்த நாயாலதான் வந்துச்சுன்னும் யாராலும் சொல்ல முடியாது. தெருப் பூனை, பார்க்கு மண்ணு, எதுவா வேணா இருக்கலாம். மருந்து கொடுத்து, கழிவை அன்னன்னைக்கு அள்ளி, பிள்ளை கையைக் கழுவி விட்டிருந்தா போதும்." குரலை உயர்த்தவே இல்லை. "இங்கே வர்றவங்க நாய்க்கு ஷாம்பு கேப்பாங்க, சட்டை கேப்பாங்க. புழு மருந்தை நானாச் சொன்னாத்தான் உண்டு."

குட்டிகளைக் கொல்ல மறுத்துவிட்டார். ஊசிக்குழலில் மருந்தை எடுத்து என்னையே பிடிக்கச் சொன்னார். ஒரு குட்டி என் கட்டுப் போட்ட கையை நக்கியது. பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

30 மார்ச், சனி

சிம்பாங் அம்பாட் போனேன். குமுதா கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வைத்தாள். கெஞ்சின பிறகு லோஷினியைக் கூட்டி வந்தாள். பிள்ளையின் வாயோரத்தில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. துடைத்துவிடலாம் என்று கேட் கம்பி வழியாகக் கையைத் தூக்கினேன்.

இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள்.

"சமையல்கட்டு ஜன்னல் வழியா எல்லாத்தையும் பாத்துட்டா" என்றாள் குமுதா. "நல்லாத் தெரியிற ஒரு கண்ணு. அதுல இதக் காட்டிட்டீங்க."

லோஷினி எழுந்திருக்கவே இல்லை. குந்தியபடியே கேட்டாள்: "அப்பா, எனக்கும் புழு இருக்கே... என்னையும் அடிப்பீங்களா?"

எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை.

6 ஏப்ரல், சனி

புவன் வந்தான். முகம் ஒரு பக்கம் வீங்கி, பல்லைக் கடித்தபடியேதான் பேச முடிகிறது. நேராகப் பின்னால் போய் அந்தக் குழாயை எடுத்து வந்தான். நான் நகரவில்லை. தோளில் ஒரே அடி. விழுந்தேன். மறுபடி ஓங்கினான். கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. குழாய் சுவரில் மோதுகிற சத்தம்தான் கேட்டது.

"போலீசுக்குப் போகாதது ஒனக்காக இல்ல" என்றான். எச்சில் வழிந்தது. "லோஷினி ஆஸ்பத்திரிச் செலவுக்கு நீ வெளிய இருக்கணும். அவ்வளவுதான்."

மாடியைக் காலி செய்து, மருந்து குடித்த குட்டிகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். வீட்டில் இப்போது நான் மட்டும்.

9 ஏப்ரல், செவ்வாய்

பின்னால் கிடந்த மண்ணை எல்லாம் அள்ளி அப்புறப்படுத்தினேன். தோள் எரிகிறது. எரியட்டும்.

18 ஏப்ரல், வியாழன்

குமுதா குரல் செய்தி அனுப்பியிருந்தாள். லோஷினிக்குக் கண்ணுக்குள் இருந்த வீக்கம் அடங்கிவிட்டது. இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், கை அசைந்தால் தெரியும், அவ்வளவுதான். இனி திரும்பாது. வலது கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

நாலைந்து தடவை கேட்டேன். செய்தியின் கடைசியில் அழுகிறாள்.

28 ஏப்ரல், ஞாயிறு

மறுபடியும். மறுபடியும் செஞ்சிட்டேன்.

லோஷினி கதை எங்கள் லோரோங்கில் பரவிவிட்டது. பூனைக்கும் அதே மாதிரிப் புழு உண்டாம் என்று யாரோ சொல்ல, கோடி வீட்டுப் பக்கிரிசாமி நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு தெருப் பூனைகளை அடிக்கக் கிளம்பிவிட்டார். காலையில் சத்தம் கேட்டு வெளியே போனேன். சினைப்பூனை ஒன்றைக் கால்வாய்க்குள் விரட்டி மண்வெட்டியால் குத்திக்கொண்டிருந்தார். பாதி செத்துவிட்டது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

"வேணாம்ண்ணே, விடுங்க. கொன்னா போகாது. மண்ணுலதான் இருக்கு" என்றேன். டாக்டர் சொன்னதை எல்லாம் சொல்லப் பார்த்தேன்.

"ஒம் பிள்ளைக்காகத்தான்லா செய்றோம்!" என்று மறுபடி குத்தினார்.

என் பிள்ளைக்காக. அந்தச் சொல்லில் ஏதோ அறுந்தது. அவர் கழுத்தைப் பிடித்து முகத்தைக் கால்வாய்த் திண்டில் மோதினேன். பல் தெறித்தது. மோதினேன். மூன்று பேர் சேர்ந்து இழுத்து, கீழே தள்ளி, விலாவில் மிதித்தார்கள். பூனை அப்போதும் செத்திருக்கவில்லை.

போலீஸ் பாலாயில் பக்கிரிசாமி வாயில் துணியை வைத்துக்கொண்டு கத்தினார்: "நாய அடிச்சே கொன்னவன் சார் இவன்! தம்பி தாடையையும் ஒடச்சவன்! இவனா பூனைக்கு நியாயம் பேசுறான்?"

அதிகாரி என்னைப் பார்த்தார். "உண்மையா?"

புவன் எனக்காகச் சொன்ன மோட்டார்க் கதை ஞாபகம் வந்தது. அதையே நானும் சொல்லியிருக்கலாம்.

"உண்மைதான் சார்" என்றேன். "நாய், தம்பி, இவரு. மூணும் நான்தான்."

13 மே, திங்கள்

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். நாளை தண்டனை சொல்லி உள்ளே அனுப்புவார்கள். இந்தப் புத்தகத்தை அங்கே கொண்டுபோக முடியாதாம்.

2 நவம்பர், சனி

ஜெயிலிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகிறது. பழைய முதலாளி மறுபடி சேர்த்துக்கொண்டார். வொர்க்‌ஷாப்பில் ஹாஃபிஸ் என்று புதிதாக ஒருவன், தன் பூனையின் போட்டோக்களைக் காட்டிக்கொண்டே இருக்கிறான். மகன் அதைக் கட்டிப் பிடித்துத் தூங்குகிற போட்டோவும் இருந்தது. "புழு மருந்து எப்பக் குடுத்தே?" என்று கேட்டேன். "வீட்டுக்குள்ளயே இருக்கிற பூனைதான்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடாமல் கேட்டுக் கேட்டு, அவனே எரிச்சலாகி இன்று பூனையைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். திட்டிக்கொண்டேதான் போனான். சரி.

புவனுக்குப் போன் செய்தேன். எடுத்தான். "குட்டிங்க நல்லா இருக்கு" என்றான். வைத்துவிட்டான்.

16 நவம்பர், சனி

லோஷினிக்குக் கண் பரிசோதனை. வரலாம் என்று குமுதா சொல்லியிருந்தாள். வீட்டுக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு மட்டும்.

வளர்ந்துவிட்டாள். முன்பல் விழுந்திருக்கிறது. டாக்டர் பார்த்து முடித்ததும், எதிரே இருக்கும் கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுக்கலாம் என்று மூவரும் நடந்தோம். நான் அவளுக்கு இடது பக்கம் நடந்தேன். கொஞ்ச தூரத்தில் அவள் குமுதாவின் கையை விட்டுச் சுற்றி வந்து, நான் தனக்கு வலப்புறம், தெரிகிற கண் பக்கம் இருக்கிற மாதிரி மாறிக்கொண்டாள். தெரியாமல் நான் மறுபடி இடது பக்கம் போய்விட்டேன். மறுபடி மாறினாள்.

குமுதா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "மத்தவங்க யாரு எந்தப் பக்கம் நின்னாலும் அவளுக்கு ஒண்ணுமில்ல."

சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். சாலையைக் கடக்க வேண்டும். லோஷினி நடைபாதை ஓரத்தில் நின்று இரண்டு பக்கமும் தலையை நன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

அவள் நகர்வதற்கு முன்னால் நானே போய் அவளுடைய வலது பக்கம் நின்றுகொண்டேன். கைகளை முன்னால், அவளுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.