குருவைக் கொண்டுபோன பிறகு

1943 ஜூலை 4
இன்றும் அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கு அவித்தேன். சயாமில் குரு என்ன சாப்பிடுகிறானோ. ரயில் பாதை போட என் தம்பியை ஜப்பான்காரர் கொண்டுபோய் ஒரு மாதமாகிறது. தாய் தகப்பன் இல்லாதவன் என்று, கலியாணமாகி வரும்போதே கையோடு கூட்டிவந்து வளர்த்தேன். அவன் பேச்சை எடுத்தாலே மாமியார் எழுந்து போகிறார். இவர் மட்டும் என் தலையைத் தடவி, "வந்திடுவான், அருந்ததி" என்கிறார். இவர் ஒருவர்தான் ஆறுதல்.

ஜூலை 19
இவருடைய தம்பி தம்பு சரியாகச் சாப்பிடுவதேயில்லை. குருவோடு ஒரே பாயில் படுத்தவர். என்ன என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 2
எழுத முடியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.
காலையில் கிணற்றடியில் தம்பு சொன்னார். "அண்ணி, வீட்டுக்கு ஒரு ஆள் எண்டு கேட்டவங்கள். அண்ணர் என்ரை பேரைத்தான் குடுக்க இருந்தவர். அம்மா அவரைப் பிடிச்சு அழுதா. பிறகுதான் குருவின்ரை பேர். எனக்கும் தெரியும். நானும் வாய் திறக்கேல்லை."
எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் —
அவனை லாரியில் ஏற்றியபோது இவர்தானே என்னைத் தாங்கிப் பிடித்தார்?

ஆகஸ்ட் 3
கேட்டேன். மறுக்கவில்லை. "ரெண்டு பேரில ஒருத்தரைச் சொல்லத்தான் வேணும். நான் என்ன செய்ய, நீரே சொல்லும்."
"உங்கடை பேரைச் சொல்லியிருக்கலாம்" என்றேன்.
நான் சொன்னது நியாயமா? தெரியேல்லை. ஆனால் என்னட்டை மறைச்சது ஏன்? "பயப்படாதே, அத்தான் எப்பிடியும் உன்னைக் கூட்டிவந்திடுவார்" எண்டு என்ரை வாயாலைதானே சொல்லி அனுப்பினன்.

1944 ஜனவரி 14
பொங்கவில்லை. பரிமாறுகிறேன், பேசுவதில்லை.

1945 நவம்பர் 11
சயாமிலிருந்து தப்பியவர்கள் அக்கரையில் பிறை ரயிலடியில் இறங்கி, ஃபெரியில் இங்கே வருகிறார்கள். முனுசாமி என்ற ரப்பர் தோட்டத்து ஆள், குருவோடு ஒரே கொட்டகையில் இருந்தாராம்.
"பேதியில போயிட்டாரும்மா. அத்தான் வந்து கூட்டிட்டுப் போவாருன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு."
இவர் என் பக்கத்தில்தான் நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

1946 பிப்ரவரி 24
இவர் வீட்டை விட்டு வந்து, பக்கத்துத் தெரு நூர்ஜான் அக்கா வீட்டு அறையில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். இன்று இவர் வந்தார். நன்றாக மெலிந்துவிட்டார். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றார்.
"வீட்டுக்கு வாரும், அருந்ததி."
"தம்பு எப்பிடி இருக்கிறார்?"
"வேலை கிடைச்சிட்டுது. வைகாசியில கலியாணம்."
"நல்லது" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.
இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நான் கூப்பிடவில்லை.